காலைக் காட்சியில் நிற்கும் ரயில்

2025 டிசம்பர் 9

இன்றைக்கும் காலைக் காட்சியில் நின்றுவிட்டது. பாலம் தாண்டி மேடு ஏறுகிற இடத்தில், பச்சை இன்ஜின், நான்கு பெட்டியோடு. மோட்டார் முனகுகிறது, சக்கரம் நகரவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று "தள்ளுங்க மிஸ், தள்ளுங்க" என்று கத்தினார்கள். விரலால் தள்ளினேன். உள்ளங்கை நீளப் பொம்மை இன்ஜினைத் தள்ளிவிடத்தான் பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தேன்போல.

மாலை நான்கு மணிக்கு அதே இன்ஜின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஏறியது. ஏன்?

பஸ்ஸில் எழுதுகிறேன். அணைப் பூங்காவிலிருந்து தேனி, தேனியிலிருந்து சின்னமனூர். உட்கார இடம் கிடைத்ததே பெரிது.

டிசம்பர் 11

மேனேஜர் தங்கப்பாண்டி சார் ரயில் அறைக்கு வந்தார். "பொங்கலுக்குள்ள ஒழுங்கா ஓடலைன்னா ரூமைக் காலி பண்ணிட்டு பேய் வீடு போட்டுருவோம்னு முதலாளி சொல்லிட்டாக" என்றார்.

பூங்காவின் எலக்ட்ரீசியன் ராஜமணி அண்ணன் ஸ்டூல் மேல் நின்று டியூப் லைட் மாட்டிக்கொண்டிருந்தார். "நல்லதுதான் சார். பேய்க்கு எண்ணெய் போட வேண்டியதில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜருக்கு வரவில்லை.

பேய் வீடு வந்தால் எனக்கு இங்கே வேலை இல்லை. ஏழு இன்ஜினை ஓட்டுவதும் துடைப்பதும் எண்ணெய் போடுவதும்தான் என் வேலை.

டிசம்பர் 12

காலையில் மட்டும் நிற்கிறது என்றால் கரண்ட் கோளாறுதான் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். ராஜமணி அண்ணன் மீட்டரைத் தண்டவாளத்தில் வைத்து எனக்குக் காட்டினார். "இந்தா பாருத்தா, பன்னெண்டு வோல்ட்டு. சொட்டுக் கூடக் கொறயல." பார்த்தேன். பன்னிரண்டுதான்.

டிசம்பர் 15

கரண்ட்டில் குறை இல்லையென்றால் எண்ணெயில்தான் இருக்க வேண்டும் என்று தேனியில் இறங்கி ஆயில் கடைக்குப் போனேன்.

"எந்த மெஷினுக்கும்மா?"

"ரயிலுக்கு."

"ரயிலெல்லாம் ஸ்டேஷன்ல நிக்கும்மா, இங்கன வராது."

பக்கத்தில் நின்றவர், "போடி ரயிலா, மெட்ராஸ் ரயிலா? கேட்டுக் குடுப்பா" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பொம்மை ரயில் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. கடைக்காரர் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்: தையல் மெஷின் எண்ணெய், துரு எடுக்கிற ஸ்பிரே.

டிசம்பர் 17

ஸ்பிரே: ஒருநாள் சத்தமில்லை. மறுநாள் கீச்சென்று முன்னைவிட மோசம்.

தையல் மெஷின் எண்ணெய்: அச்சிலிருந்து சக்கரத்துக்கு வழிந்து, சக்கரத்திலிருந்து தண்டவாளத்துக்கு வழிந்து, கடைசியில் சக்கரம் வழுக்கி ஒரே இடத்தில் சுற்றியது. தண்டவாளம் முழுக்கத் துணியால் துடைத்தேன். முட்டி வலிக்கிறது.

காலையில் நிற்பது மட்டும் மாறவில்லை.

டிசம்பர் 19

ராஜமணி அண்ணனை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "உன் வயரிங்தான்யா இத்தனைக்கும் காரணம்" என்று மேனேஜர் எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார். அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, நீ சொல்லு. படிச்ச புள்ள நீ. வயர்லயா குத்தம்?"

"தெரியலண்ணே" என்றேன்.

தெரியலயா? மீட்டரப் பாத்தேனே. பன்னெண்டு வோல்ட்டுன்னு ரெண்டு வார்த்த சொல்ல என்ன கேடு எனக்கு? மேனேஜர் பாத்துக்கிட்டு நின்னாரு, அவ்வளவுதான். அண்ணன் டெஸ்டரைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போனார்.

டிசம்பர் 20

வேறு எலக்ட்ரீசியன் வந்தார். வயரெல்லாம் மாற்றினார். காலைக் காட்சியில் நின்றது.

டிசம்பர் 23

குளித்துவிட்டுத் தலைக்குத் தேய்க்க எண்ணெய் எடுத்தேன். பாட்டிலைக் கவிழ்த்தால் வரவில்லை. அம்மா அடுப்படியிலிருந்து, "ஒறஞ்சு கெடக்கும். வெயில்ல வையி, உருகிரும்" என்றாள்.

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அக்டோபரில் இன்ஜின்களோடு வந்த குட்டி எண்ணெய் பாட்டில் தீர்ந்துபோனது. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேனேஜரிடம் போய்க் கேட்கக் கூச்சம். என் பையில் தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெய் இருந்தது. அதில் ஒரு சொட்டு. அந்த வெயிலில் பட்டு மாதிரி ஓடியது. அதன்பின் சனிக்கிழமைதோறும், ஏழு இன்ஜினுக்கும். பூவுக்குத் தண்ணி ஊத்துற மாதிரி ஊத்தியிருக்கேன்.

வேலைக்குப் போனதும் பச்சை இன்ஜினைக் கவிழ்த்து அடி மூடியைக் கழற்றினேன். பல் சக்கரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக அப்பிக் கிடந்தது. மத்தியான வெயிலில் அறை சூடானால் உருகும். அதுதான் நாலு மணிக் காட்சி.

நான்தான்.

டிசம்பர் 24

சொல்லப் போனேன். மேனேஜர் போனில் இருந்தார். திரும்பி வந்துவிட்டேன். போனை வைத்தபிறகும் போகவில்லை.

டிசம்பர் 26

சொல்ல முடியாவிட்டாலும் சரிசெய்யவாவது வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் ஐந்து பாட்டில் மூடிகளை வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உடைந்த பிளாஸ்டிக் பல் சக்கரத்தின் ஒரு துண்டு. தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், ஸ்பிரே, சைக்கிள் கடை கிரீஸ், தபாலில் வரவழைத்த பிளாஸ்டிக்குக்கு ஆகிற எண்ணெய். விடியற்காலையில் போய் ஒவ்வொன்றையும் ஊக்கால் கிளறிப் பார்க்கிறேன். "பல்லாங்குழியா ஆடுற?" என்கிறாள் அம்மா.

டிசம்பர் 31

தேங்காயெண்ணெய் தினமும் காலையில் கல். சைக்கிள் கிரீஸ் கெட்டி. இவ்வளவு சின்ன மோட்டார் அதை இழுக்காது. ஸ்பிரேயில் கிடந்த துண்டு நகம் பதிகிற அளவுக்கு இளகிவிட்டது. தையல் மெஷின் எண்ணெய் உறையவில்லை, ஆனால் மூடியிலேயே நிற்காமல் ஏறி வழிகிறது. வரவழைத்தது அப்படியே இருக்கிறது. பிளாஸ்டிக்கும் கெடவில்லை.

அச்சுக்கு இந்த எண்ணெய், ஊசிமுனையில் தொங்குகிற அளவு. பல் சக்கரத்துக்கு அதனோடு தபாலில் வந்த இளகிய வெள்ளை கிரீஸ், ஒரு மிளகில் பாதி. போதும். அதற்கு முன் பழசையெல்லாம் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

2026 ஜனவரி 3

ஏழு இன்ஜினையும் கழுவி முடித்தேன். காலைக் காட்சியில் நிற்காமல் ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ விசிலடித்தார்கள்.

மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "பாத்தியா நாகஜோதி? ராஜமணிய அனுப்புனோம், ஓடிருச்சு" என்றார்.

நான் சரிபண்ணச் சரிபண்ண அண்ணன் குற்றவாளி ஆகிறார்.

ஜனவரி 5

சொல்லிவிட்டேன். மேனேஜர் மேசைக்கு முன்னால் நின்று, ஒரே மூச்சில்.

"தேங்காயெண்ணெயா?" என்று சிரித்தார். "சரி விடு. இப்ப ஓடுதுல்ல. வெளிய சொல்லாத, கேலி பண்ணுவாக."

"ராஜமணி அண்ணே..."

"அதான் வேற ஆளு வந்தாச்சுல்ல. போ, போயி ரயில ஓட்டு."

ஜனவரி 7

முதலாளி பாண்டியராஜன் ஐயா போடியிலிருந்து வந்திருந்தார். ஏலக்காய் வியாபாரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். இதுவரை அவர் வந்தால் நான் அறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

நேற்றே சிவப்பு இன்ஜினில் வேண்டுமென்றே தேங்காயெண்ணெய் போட்டு வைத்திருந்தேன். சொன்னால் நம்பமாட்டார்கள், பார்த்தால் நம்புவார்கள். காலை ஒன்பதரைக்கு அவரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேனா? "ஐயா" என்றது எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். வந்தார். சிவப்பு இன்ஜின் மேட்டில் நின்றது. கவிழ்த்து வெள்ளையைக் காட்டினேன். தண்டவாளத்தில் மீட்டரை வைத்துப் பன்னிரண்டைக் காட்டினேன். அக்டோபரிலிருந்து எல்லாம் சொன்னேன். மேனேஜர் பக்கம் பார்க்கவில்லை.

ஐயா வெள்ளையை விரலால் சுரண்டிப் பார்த்தார். "ஒரு மனுசன் வேலை போயிருக்கு. இத்தன நாளு வாயில என்னம்மா வச்சிருந்த?"

சிவப்பு இன்ஜினைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

ஜனவரி 10

ராஜமணி அண்ணன் வேலைக்கு வந்துவிட்டார். ரயில் அறையும் இனிமேல் அவர் பொறுப்பு. நான் வாசலில் டிக்கெட் கவுண்டருக்கு மாற்றம்.

"ஒக்காந்து பாக்குற வேலதான? நல்லதுதான்" என்கிறாள் அம்மா. அப்பா திராட்சைத் தோட்டத்தில் கவாத்து முடித்து வந்து, கைகழுவி, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

ஜனவரி 13

ராஜமணி அண்ணன் தினமும் கவுண்டரைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். இந்தப் பக்கம் திரும்புவதில்லை. மன்னிப்புக் கேட்க எழுந்து நின்றேன். அதற்குள் போய்விட்டார்.

ஜனவரி 17

பொங்கல் கூட்டம். அணைக்கு வந்த சனமெல்லாம் பூங்காவுக்குள். காலையிலிருந்து நிமிரவில்லை. உள்ளே ரயில் ஓடுகிறதா என்று கேட்கக்கூட ஆளில்லை. வெளியே வருகிற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். ஓடுகிறதுபோல.

மத்தியானம் வரிசை கொஞ்சம் குறைந்தபோது கவுண்டர் ஓட்டைக்குள் ஒரு கை வந்தது. ஊசிமூக்கு எண்ணெய் பாட்டில், கிரீஸ் டியூப், ஒரு வெள்ளைத்தாள். ராஜமணி அண்ணன்.

"எதுக்கு எண்ணெ, எதுக்குக் கிரீஸு, எத்தன நாளைக்கு ஒருக்கா? எழுதிக் குடு."

எழுதினேன். எவ்வளவு சொட்டு என்பதற்குப் படமும் போட்டேன். அவர் வெயிலில் நின்று முழுதும் படித்தார். பிறகு தாளைத் திரும்ப உள்ளே தள்ளினார்.

"கீழ ஒன் பேரப் போட்டுக் கையெழுத்துப் போடு. நாளைக்கு நின்னுச்சுன்னா யாரக் கேக்குறது?"

நாகஜோதி என்று முழுப் பெயரும் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுக் கொடுத்தேன்.