அட்டைக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்

என் ரீட்டா அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. நான் இன்னும் ஹட்டனில் அதே பல் கிளினிக்கில்தான், வாசலோரத்து மேசையில் உட்கார்ந்து நம்பர் கொடுக்கிறேன். 'காப்புறுதி அட்டைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்' என்று என் கையால் எழுதிய அறிவிப்பும் கதவிலேயே இருக்கிறது.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஏழைகளுக்கென்று அரசாங்கம் கொடுத்த அட்டை, பல்லைப் பிடுங்கினால் ஏதோ கொடுக்கிறது. அடைத்துக் காப்பாற்றினால் மருந்துக்கே காணாது, அதுவும் இழுத்தடித்துத்தான் வரும். "வாரத்துல ஒரு நாளுக்கு மேல தாங்காதும்மா" என்றார். நானும் தலையாட்டினேன். செவ்வாய்க்கிழமை கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்த எனக்கா தெரியாது?

நீ வந்தது ஒரு சனிக்கிழமை. தாடை வீங்கியிருந்தது. வரிசையே பார்த்துக்கொண்டிருக்க, சொந்த அக்காவுக்குச் சலுகை காட்ட எனக்குக் கூச்சம்.

"செவ்வாக்கெழம வாக்கா. எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

"அன்னைக்கு வந்தா பேரு போயிருமேடி. சரி விடு, கராம்பு வச்சிக்கிறேன்" என்றாய்.

செவ்வாய்க்கிழமை நீ மலைக்குத்தான் போனாய். வியாழக்கிழமை கழுத்துவரை வீங்கி மூச்சுத் திணறிய பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல்லில் பிடித்த கிருமி கீழே இறங்கிவிட்டது, பிந்திவிட்டீர்கள் என்றார்கள்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான். ஏன் நீ சண்டை போடவில்லை? என் மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா?

போன வாரம் டாக்டரோடு நுவரெலியாவில் இருக்கும் காப்புறுதி அலுவலகத்துக்குப் போனேன். பல்லை அடைப்பதற்கும் நியாயமான தொகை வேண்டும், தாமதமில்லாமல் வேண்டும் என்று அவர் கேட்டார். அதிகாரி சிங்களத்தில் "பலமு" என்றார், பார்க்கலாமாம். எந்தத் தேதியில் பார்ப்பீர்கள் என்று நானும் சிங்களத்திலேயே கேட்டேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேதி கிடைக்கும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. வரும் திங்கட்கிழமை மேலதிகாரிகள் கூடுகிறார்கள். நோயாளிகள் பக்கம் பேச ஓர் ஆள் வரலாமாம். நான்தான் போகிறேன். பிடுங்குவதற்கு மட்டும் அட்டை எதற்கு என்று கேட்பேன். பதில் வரவில்லையென்றால் மறுபடியும் போவேன்.

இன்னொன்று இருக்கிறது அக்கா. அந்தச் சனிக்கிழமை நீ வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாத்திருப்பேனே" என்று உன் சாவு வீட்டில் அழுதேன். "அவ பிடிவாதக்காரி, சொல்ல மாட்டா" என்று அம்மா என்னைத் தேற்றினாள்.

பத்திரிகைக்கு அனுப்பப்போகும் இந்தக் கடிதத்தை ஊர் படிக்கும் முன்னே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அம்மாவை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். மறுநாள் அந்த அதிகாரிகளிடமும் அதையே சொல்வேன். நீ சொன்னாய். என்னிடம்தான் வந்து சொன்னாய்.

உன்னைத் திருப்பி அனுப்பிய தங்கச்சி,
ஸ்டெல்லா