பரிசலில் வெந்நீர்

14.2.1985, வியாழன்

தையல் மெஷினில் குனிந்தே என் இடுப்பு போய்விட்டது. உப்பு போட்ட வெந்நீரில் உட்காரச் சொன்னார் டாக்டர். வாங்கிய தகரத் தொட்டியை உப்பு அரித்துவிட்டது. உடனே சரோஜா ஒகேனக்கல் போய், தன் அப்பாவின் பழைய பரிசலைப் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்து கொல்லையில் வைத்தாள். என் மனைவியைத் தவிர யாருக்கு இது தோன்றும்! விரலால் தொட்டு நக்கிப் பார்த்தே உப்பு சேர்ப்பாள். கலங்கிய தண்ணீரை வடிகட்டுவாள். பச்சைத் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் வெந்நீர் ஊற்றுவாள்.

இன்று அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது, நான் அவசரப்பட்டு வெந்நீரை முதலில் கொட்டினேன். பரிசலின் அடியில் பூசியிருந்த தார் இளகி, அத்தனையும் ஒழுகிவிட்டது.

வந்தவள் திட்டவில்லை. பாக்கெட் தைக்க வைத்திருந்த காடாத் துணியைக் கிழித்து, ஓட்டையில் ஒட்டித் தார் பூசினாள்.

“இது காவேரித் தண்ணிய ஒரு சொட்டு உள்ள உட்டதில்லீங்க. நீங்க மொத்தத்தையும் வெளிய உட்டுட்டீங்களே!”

தார் காயும்வரை குளியல் இல்லை. மிச்சத் துணியில் வறுத்த உப்பைக் கட்டி இப்போது ஒத்தடம் கொடுக்கிறாள். குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன்.

“என்னங்க எழுதறீங்க?”

“பேன்ட் அளவு” என்றேன்.