அவள் பஸ் ஏற வேண்டுமா?

நவம்பர், வியாழன் இரவு

இன்று லொங்குய் நகரில் எங்கள் எடிட்டிங் அறைக்கு நாவலாசிரியர் வந்திருந்தார். செனகல்காரர், எழுபதைக் கடந்தவர். அவருடைய நாவலைத்தான் ஐசாத்து படமாக எடுத்திருக்கிறாள். நான் எடிட்டர். நாவலின் நாயகி ஒரு விதவை; கணவன் செத்த பிறகும் அவன் வீட்டிலேயே இருந்துவிடுகிறாள். படத்தில் விடியற்காலையில் பஸ் ஏறிப் போய்விடுகிறாள்.

படம் முடிந்ததும் அவர் பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்: “போவதுதான் துணிச்சல் என்றால், போகாமல் இருந்த என் அம்மா கோழையா?”

“திரையில் அவள் சும்மா இருந்தால் தோற்றுவிட்டாள் என்றுதான் நினைப்பார்கள்,” என்றாள் ஐசாத்து.

“தோற்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு முழு நாவல் தேவைப்பட்டது. நீங்களும் ஒரு வழி தேடுங்கள்.”

ஒப்பந்தப்படி முடிவை மாற்ற அவளுக்கு உரிமை உண்டு. அதை அவள் சொல்லவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு, யாழ்ப்பாணத்தை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்ட அக்காவின் நினைவு. ஒதுக்கி வைத்த காட்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றில் கணவனின் தம்பிமார் சுற்றி நிற்கிறார்கள். அவள் செத்துப்போன கணவனின் நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள். பஸ் காட்சியை நீக்கிவிட்டு இதைக் கடைசியில் வைத்தேன்.

வீட்டில் என் கணவரிடம் அந்தக் காட்சியை மட்டும் காட்டினேன். கதை எதுவும் சொல்லவில்லை.

“ஆரப்பா இவ?” என்றார். இன்னொரு தரம் போடச் சொன்னார். “உந்த ஆம்பிளையள் எவ்வளவு நேரம் நிண்டாலும் இவ எழும்பமாட்டா.”

புது முடிவை அப்படியே ஐசாத்துவுக்கு அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது.