ஐயம்பேட்டைக்காரருக்கு டீ மட்டும்

ஏங்க,

அடுப்பு மேல கொள்ளு ரசம் இருக்குது, சூடு பண்ணிக்கங்க. வெறும் வயித்துல தறியில ஒக்காராதீங்க.

என்னைக் கேக்காம என் நாலு சக்கர பைக்கை நீங்க விலை பேசுன ஐயம்பேட்டைக்காரர் பத்து மணிக்கு வருவாரு. டீ கொடுத்து, விக்கலனு சொல்லி அனுப்புங்க. வண்டியை நான் எடுத்துக்கினு போறேன்.

பெட்ரோல் ஒழுகுதுனு கார்புரேட்டர் மேல சோப்பு அப்பி, பட்டு நூலைச் சுத்தி வெச்சீங்க. கோளாறு வெளிய இல்ல. காலையில நானே கழட்டிப் பாத்தேன். உள்ள பெட்ரோலை நிறுத்துற ஊசிக்கு அடியில பாலாத்து மணல் ஒண்ணு சிக்கிக்கினு இருந்துச்சு. தேய்ச்சு மாட்டிட்டேன். இப்ப ஒரு சொட்டு ஒழுகல.

பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னு நேத்து கேட்டீங்க. ஓரிக்கை ஆத்தங்கரையில புள்ளைங்களை ஏத்திச் சுத்திக் காட்டுறது என் பொழப்பு. தறியில ஒரு இழை அறுந்தா முடிச்சுப் போட்டுத்தானே நெய்றீங்க, தறியையா விக்கறீங்க?

சுகாசினி

உங்க பல்லு விளக்குற பிரஷ்ஷைத் தேடாதீங்க. ஊசியை அதாலதான் தேய்ச்சேன்.

சாயந்தரம் வண்டியிலதான் வருவேன். கேட்டை ரெண்டு பக்கமும் தெறந்து வைங்க.