புகார்ப் பெட்டியில் கிடந்த முதலை

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அங்கே உன் முட்டி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். அப்பா கண்ணாடியை மாற்றிவிட்டார், புதுக் கண்ணாடியில் நான் கொஞ்சம் கிழவியாகத் தெரிகிறேனாம், அதைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன். மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர்னு பேரு, ஒரு பிளம்பர வரவழைக்க முடியலயே என்று அப்பாவுக்கு ஒரே கிண்டல்.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஆபரேஷன் பதினாலாம் தேதி என்று சொன்னாய். நீ வர வேணாம்மா, அன்னிக்கு உனக்கு ஏதாவது மீட்டிங் இருக்கும் என்றும் சொன்னாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சாயங்காலம் மழை வரும் என்கிற மாதிரி சொன்னாய். நானும் ம், சரி என்றேன். மீட்டிங் நிஜமாகவே இருந்தது, என்னை இன்னொரு தடவை துணைவேந்தராகப் போடலாமா என்று தேர்வுக் குழு நேரில் கூப்பிட்டுக் கேட்கும் நாள் அது. உன்னிடம் அதைச் சொல்லவும் இல்லை, போனை வைத்துவிட்டுக் கோப்பு பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருந்தார். என் அறை வாசல் சுவரில் ஒரு பச்சைத் தகரப் புகார்ப் பெட்டி தொங்குமே, அதைக் காட்டி, மேடம், இதக் கழட்டவா, இல்ல இது மேலயே அடிச்சிடவா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் டாக்டர் பட்டம் வாங்கியதே புகார்ப் பெட்டியை வைத்துத்தான். இருபத்திரண்டு அலுவலகங்கள் ஏறி இறங்கி, பெட்டியில் விழும் காகிதத்தை யார் படிக்கிறார்கள், யாருமே படிக்காவிட்டாலும் ஜனங்கள் ஏன் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்று முந்நூறு பக்கம் எழுதினேன். அதனால்தான் தொடர்பியல் துறையில் விரிவுரையாளர் வேலை, அப்புறம் பேராசிரியர், துறைத்தலைவர், டீன். துணைவேந்தர் நேர்காணலில் உங்க பலம் என்ன என்று கேட்டார்கள், நான் நல்லா காது குடுத்துக் கேப்பேன் என்றேன், எல்லோரும் தலையாட்டி வேலையைக் கொடுத்தார்கள். இரண்டரை வருஷமாக அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன், ஒரு நாளாவது திறந்து பார்த்தேனா? ஊரில் இருக்கிற பெட்டியெல்லாம் நோண்டியவளுக்கு, தன் வாசலில் இருந்தது கண்ணில் படவில்லை. சாவியா, அது எனக்கு முன்னாடி இருந்தவர் காலத்துலயே காணோம் மேடம் என்றார் பதிவாளர். தச்சரைக் கூப்பிட்டுப் பூட்டை உடைத்தோம்.

உள்ளே அறுபத்து மூன்று காகிதம், இரண்டு பஸ் டிக்கெட், காய்ந்துபோன பல்லி ஒன்று. நூலக இரண்டாம் மாடியில் மின்விசிறி சுற்றவில்லை என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ எழுதியிருக்கிறார். ஏறிப் போய்ப் பார்த்தேன், இன்னும் சுற்றவில்லை. அதற்குக் கீழே கோடு போட்ட நோட்டுத் தாள் ஒன்று, எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் துறை இதே கட்டடத்தின் கீழ்மாடியில்தானே, அப்போதெல்லாம் பள்ளிக்கூடம் விட்டு வந்து என் வேலை முடியும்வரை நீ வராந்தாவில் சுற்றிக்கொண்டிருப்பாய், ஞாபகம் இருக்கிறதா? அப்படியே எழுதுகிறேன். மதிப்பிற்குரிய துணைவேந்தர் ஐயாவுக்கு, எங்க அம்மா உங்க கிட்ட வேலை செய்றாங்க. கேக்கறது எப்படின்னு பெரிய பசங்களுக்கு சொல்லித் தராங்க. நான் பேசினா கேக்கறதில்ல. டெஸ்ட் பண்ணிட்டேன். பாத்ரூம்ல முதலை இருக்குன்னு சொன்னேன். ம், சரி, கை கழுவிட்டு சாப்பிடுன்னாங்க. நடவடிக்கை எடுக்கவும். நாலாம் வகுப்பு, பி பிரிவு.

படித்ததும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் ஆபரேஷனுக்கும் அதே ம், சரிதான் சொன்னேன் என்பது அப்புறம்தான் உறைத்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேனடா. அன்று மத்தியானமே தேர்வுக் குழுத் தலைவருக்குப் போன் செய்து வேறு தேதி கேட்டேன். முடியாதும்மா, அன்னிக்கு வரலேன்னா அடுத்த ஆள் பேருக்குப் போயிடுவோம் என்றார். போங்க என்று சொல்லிவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைத்துக்கொள்ளாதே, மனசு அடித்துக்கொண்டதுதான், அந்த நாற்காலி எனக்குப் பிடிக்கும், நன்றாகவே வேலை பார்த்தேன் என்றும் தெரியும். ஆறு மாசத்தில் பதவிக்காலம் முடிந்ததும் பழையபடி கீழ்மாடிக்கு வந்து பாடம் எடுப்பேன். அதற்குள் மீதி அறுபத்திரண்டு பேரில் ஆள் அகப்படுகிறவர்களுக்கெல்லாம் பதில் போய்விடும், மின்விசிறியும் சுற்றும்.

உன் புகாருக்குப் பதில் இதுதான். மனு கிடைத்தது, புகார் உண்மை, தாமதத்துக்கு அம்மா மன்னிப்புக் கேட்கிறேன். பதினொன்றாம் தேதி கிளம்பி வருகிறேன், நீ நடக்கும்வரை அங்கேதான் இருப்பேன், வேண்டாம் என்று போனில் ஆரம்பிக்காதே, டிக்கெட் போட்டாயிற்று. பாத்ரூமில் வழுக்காத மிதியடி வாங்கிப் போடு, டாக்டர் சொன்ன பயிற்சியை இப்போதே ஆரம்பி, பிடிவாதம் பிடிக்காதே. நல்லபடியாக எழுந்து நட, நூறு வயசு இரு. நான் வந்ததும் என் போனை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, உன் இஷ்டத்துக்குப் பேசு. நடுவில் எங்கேயாவது அந்த முதலையை விட்டுப் பார்.

இப்படிக்கு,
கேட்கக் காத்திருக்கும்
அம்மா