திரை இல்லாத மடிக்கணினி

சார்,

இதை எழுதும் மேசையில் உங்கள் மடிக்கணினி இருக்கிறது. மூடியைத் திறந்தால் இன்னும் கோழித் தீவனப் புழுதி வாசம் அடிக்கிறது. உங்கள் ஊரில் எந்தப் பொருளை எடுத்தாலும் அந்த வாசம்தான். உங்கள் சட்டையிலும் அது இருக்கும். வகுப்பு முடிந்து வந்து நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரும்போது, தலை நிமிராமலே நீங்கள்தான் என்று தெரிந்துகொள்வேன்.

போன வாரம் உங்கள் வீட்டம்மா இதை ஒரு பழைய துண்டில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டுவந்தார்.

"இதும் பேச்ச நிறுத்திப்போடுச்சுங்க டீச்சர். பொத்தான அமுத்துனா வெளக்கு எரியுது, சத்தத்தக் காணோம். எடைக்குப் போட்டுரலாம்னு எங்கண்ணன் சொல்றாரு. அதுக்கு மின்ன உங்ககிட்ட ஒருக்கா காட்டிப்போடலாம்னு எடுத்தாந்தேனுங்க."

நீங்கள் கடைசியாக விட்டுப்போனபடியே இயர்போன் முனை அதன் துளையில் செருகிக் கிடந்தது. பேச்செல்லாம் அதற்குள் போய்க்கொண்டிருந்தது. பிடுங்கினேன். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் அந்த இயந்திரக் குரல் ஆசிரியர் அறை முழுக்கக் கேட்டது, உங்கள் வேகத்தில், ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடாமல். உங்கள் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அழுதேன். "அழுகறதுன்னா சத்தமாவே அழுங்க டீச்சர், இல்லீன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று என் அப்பா இறந்தபோது சொன்னீர்கள். அன்று அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டேன். இந்த முறை சத்தமாகத்தான் அழுதேன்.

பிறவியிலிருந்தே பார்வை இல்லாத ஒருவர் சமூக அறிவியல் நடத்த வருகிறார் என்று தலைமையாசிரியர் அறிவித்த அன்று, நான் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். நான் கணக்கு டீச்சர், பக்கத்து மேசை என்னுடையது, எல்லாம் என் தலையில் விழும் என்று. விழுந்தது. சுற்றறிக்கை, வருகைப் பதிவேடு, பிள்ளைகளின் விடைத்தாள் எல்லாவற்றையும் நான்தான் படித்துக் காட்டினேன். நிறுத்தி நிதானமாகப் படிப்பது என் வழக்கம். நீங்கள் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

"கொஞ்சம் வெரசாப் படிங்க டீச்சர். நீங்க அடுத்த வரிக்கு வர்றதுக்குள்ள நா மோகனூர் போயிட்டுத் திரும்பிருவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கோபத்தில் கடகடவென்று படிப்பேன். உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

கேள்வித்தாளும் அப்படியே நடந்தது. நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். என் மகள் இதே பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வரும்வரை அதில் ஒரு தொல்லையும் இல்லை. நாமக்கல்லைச் சுற்றி இத்தனை விடுதிப் பள்ளிகள் இருக்கும்போது, டீச்சர் மகளை அரசுப் பள்ளியில் போட்டிருக்கிறாரே என்று ஏற்கெனவே பேசியவர்கள்தான். உங்கள் மாதத் தேர்வில் அவள் முதலாவதாக வந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. "கேள்வித்தாள் எழுதற கையி ஊட்டுலயே இருக்குது, அப்புறம் என்ன?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டேன். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில், ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர்களின் இரைச்சலுக்கு நடுவில்தான் பேசினீர்கள்.

"புள்ள வாங்குன மார்க்கு புள்ளயோடதுதான்னு சண்ட போட்டு நிரூபிக்க முடியாதுங்க டீச்சர். வகுப்புல குடுக்கறதுக்கு மின்ன என்ற கேள்வித்தாள இனி ஒருத்தரும் பாக்கக் கூடாது. நீங்களுந்தான்."

"அப்புறம் யாருங்க சார் எழுதறது?"

"நானேதான்."

பிரெயிலில் எழுதினால் நீங்கள் மட்டும் படிக்கலாம், பிள்ளைகளால் முடியாது. பிள்ளைகள் படிக்கும்படி எழுத வேண்டுமென்றால் நடுவில் இன்னொருவர் கண் வேண்டும். பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து உங்களுக்கும் காகிதத்துக்கும் நடுவில் அந்த இன்னொருவர் நின்றுகொண்டே இருந்தார். அவரை விலக்கிவிட வேண்டும் என்பதுதான் உங்கள் ஆசை. ஆசை என்பதுகூடச் சரியில்லை. அது உங்களுக்கு மானப் பிரச்சினை.

உங்களைப் போலவே பார்வையில்லாத நண்பர் ஒருவர் போனில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். பழைய கணினியிலும் ஓடும், காசு கிடையாது, தமிழை வாசித்துக் காட்டும், நிறுவும்போதே பேசும். கடைசியில் சொன்னது உங்களைப் பிடித்துக்கொண்டது. "போடற போதே பேசுச்சுன்னா, போடறதையும் நானே போட்டுக்கலாமில்லீங்க?"

சேலத்தில் பழைய மடிக்கணினி விற்கும் கடைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கடைக்கார பாய் ஒவ்வொன்றாகத் திறந்து, "ஸ்கிரீன் பளிச்சுன்னு இருக்கும் பாருங்க மேடம்" என்று என்னிடம் காட்டினார். நானும் அசட்டுத்தனமாகத் திரைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எஃப், ஜே சாவிகளின் மேல் விரலுக்கு இடம் காட்டும் மேட்டைத் தடவினீர்கள். மேல் வரிசைச் சாவிகளுக்கு இடையில் விரலுக்குத் தெரியும்படி இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தீர்கள். இயர்போன் துளை எந்தப் பக்கம் என்று தேடினீர்கள். பிறகு நண்பர் லினக்ஸ் ஏற்றி அனுப்பியிருந்த பென்டிரைவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, அதிலிருந்து கணினியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, காதை ஒலிபெருக்கியில் வைத்துக்கொண்டீர்கள். பீப் என்று ஒரு சத்தம் வர வேண்டும். வந்ததும் எஸ், அப்புறம் என்டர். கொஞ்சம் பொறுத்தால் ஒரு குரல் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்க வேண்டும். சிலதில் பீப் வரவில்லை. சிலதில் பீப் வந்தது, குரல் வரவில்லை. ஒன்றில் குரல் வந்தது, வைஃபையை அதற்கு அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டே போனீர்கள். எனக்குக் கால் வலித்தது.

கடைசியில் உங்கள் கை மேசையோரத்தில் தனியாகக் கிடந்த ஒன்றின்மேல் பட்டது. சாவிகளை அழுத்திப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது.

"அது வேண்டாங்க சார். ஸ்கிரீன் உடைஞ்சு போச்சு. ஸ்பேருக்குன்னு வெச்சிருக்கேன்," என்றார் பாய்.

"ஸ்கிரீன் ஒடஞ்சா என்னங்க பாய்? பேசுதான்னு பாருங்க."

பேசியது. வைஃபையையும் கண்டுபிடித்தது. "அந்த ஸ்கிரீனுக்குப் போற ஒயரக் கழட்டி உட்ருங்க. சும்மா பேட்டரியத் தின்னுட்டுக் கெடக்கும்," என்றீர்கள். பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்தோம். ஓர் இடம் மட்டும் ஊமை என்று நண்பர் எச்சரித்திருந்தார். கணினி எதிலிருந்து கிளம்ப வேண்டும் என்று மாற்றும் திரை, அது பேசாது. அதற்காக ஒரு கேபிளைப் போட்டுப் பள்ளியின் மானிட்டரை இணைத்தேன். நான் படிக்கப் படிக்க எந்தச் சாவி, எத்தனை தடவை என்று மனப்பாடம் செய்துகொண்டீர்கள். மாற்றியாயிற்று. உடனே கேபிளைக் கழற்றி என் கையில் கொடுத்தீர்கள்.

"இதுக்கு மேல கண்ணு வேண்டாமுங்க. இத நீங்களே வெச்சுக்கங்க. கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க டீச்சர்."

தாழ்வாரத்தில் நின்றேன். உள்ளே குரல் கேட்கும், சாவி தட்டும் சத்தம் கேட்கும், மறுபடி குரல். பிறகு எல்லாம் நின்றுபோனது. நெடுநேரம் சத்தமே இல்லை. ஹார்ட் டிஸ்கை அழித்து எழுதும்போது ஏதாவது தப்பாகிவிட்டதோ, உள்ளே நீங்கள் இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறீர்களோ என்று பயந்துபோனேன். மெல்ல வாசல் பக்கம் போனேன்.

"அந்தச் செருப்பு எனக்குத் தெரியுமுங்க. வராதீங்க."

திட்டிக்கொண்டே திரும்பினேன். அப்புறம் கதவு வழியாக அந்தக் குரல் வந்தது, இந்த முறை தமிழில். இயந்திரத் தமிழ்தான், மூக்கடைத்தவன் செய்தி வாசிப்பதுபோல் இருந்தது. "டீச்சர்!" என்று கத்தினீர்கள். ஓடி வந்தேன். மடிக்கணினியை நான் பார்ப்பதற்காக என் பக்கம் திருப்பிவைத்தீர்கள், அந்தக் கறுப்புத் திரையை.

அதன்பின் அந்தக் குரலை நாளுக்கு நாள் வேகமாக்கிக்கொண்டே போனீர்கள். எனக்கு அது வெறும் இரைச்சல். ஒருநாள் மேல் வரிசையில் ஒரு சாவியைக் காட்டி, "உங்களுக்காக இதுல வெச்சிருக்கேனுங்க. அமுத்துனா உங்களாட்டமே நிறுத்தி நிறுத்திப் பேசும்," என்றீர்கள். கேலிதான். ஆனால் நான் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் அந்தச் சாவியை நீங்களே அழுத்திவிடுவீர்கள். கேட்டுக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு கோப்பு திறக்க எனக்கும் பழகிவிட்டது.

அந்த மாதத் தேர்வுக்கான கேள்வித்தாளை நீங்களே தட்டினீர்கள், நீங்களே அச்செடுத்தீர்கள், நீங்களே உறையிலிட்டு ஒட்டினீர்கள். என் மகள் முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வாங்கினாள். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இது என்னோடதும்மா" என்றாள். அவள் இன்று கல்லூரியில் இருக்கிறாள். உங்கள் சேதி சொன்னபோது போனிலேயே தேம்பித் தேம்பி அழுதாள்.

நாம் கடைசியாகப் பேசிய வெள்ளிக்கிழமை பேருந்து ஏறும்போது நீங்கள் சொன்னது: "ஒம்பதாவதுக்குக் கேள்வித்தாள் முடிச்சுட்டனுங்க டீச்சர். ஒரு கேள்வி போட்டிருக்கேன். அதுக்கு எந்தப் புள்ள என்ன எழுதுதுன்னு கேக்கோணும்னு இருக்குது." ஞாயிற்றுக்கிழமை காலையில் நெஞ்சு வலி என்றீர்களாம். நாமக்கல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

தலைமையாசிரியர் தேர்வை மூன்று வாரம் தள்ளிவைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "புத்தகத்துலருந்து நாலு கேள்வி எடுத்துப் போட்டுக் குடுத்துருங்க டீச்சர், ஒப்பேத்திக்கலாம்" என்றார். மறுநாள்தான் உங்கள் வீட்டம்மா துண்டில் சுற்றிய இதோடு வந்தார். கேள்வித்தாள் இருக்கிறது, சார் முடித்து வைத்திருக்கிறார் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டம்மாவையும் அழைத்துக்கொண்டு கணினி அறைக்குப் போனேன். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கென்று நீங்கள் வைத்த சாவியை அழுத்தினேன். குரல் நிதானத்துக்கு வந்தது. கடவுச்சொல் கேட்டது. "என்ற பேர அடிங்க. அதத்தான் வெச்சிருக்கறதாச் சொல்லுவாங்க," என்றார் உங்கள் வீட்டம்மா, தலையைக் குனிந்துகொண்டு. அடித்தேன், திறந்தது. அம்புச் சாவியால் ஒவ்வொன்றாக இறங்கினேன். "ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்வு" என்றது குரல்.

அந்தக் கேபிள் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. போட்டால் எல்லாமே மானிட்டரில் தெரிந்திருக்கும். அது கூட வேண்டாம், என்டரை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தாலே குரல் முதல் கேள்வியிலிருந்து படித்திருக்கும். நீங்கள் அத்தனை ஆசையாய்ச் சொன்ன கேள்வி எது என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு தவிப்பு. உங்கள் கடைசி வார்த்தைகள் சார் அவை. எனக்கு வேண்டியிருந்தன.

இயர்போனைத் துளையில் செருகி மேசையில் தள்ளிவைத்தேன். என்டரை அழுத்தினேன். இயர்போனுக்குள் கொசுபோல் ஏதோ ரீங்கரித்தது. கன்ட்ரோல், பி, என்டர். பள்ளி அச்சுப்பொறி தாளைக் குப்புறத்தான் தள்ளும். பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை தடவை அழுத்தினேன். குப்புறக் கிடந்தபடியே அடுக்கி உறைக்குள் போட்டேன்.

"என்னங்க எழுதியிருக்காங்க?" என்று உங்கள் வீட்டம்மா கேட்டார்.

"தெரியாதுங்க."

"பாக்கலீங்களா?"

"பாக்கக் கூடாதுங்க."

அவர் உறையை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு பசையை எடுத்து, தானே ஒட்டினார்.

தேர்வு அன்று மேற்பார்வைக்கு நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். பிள்ளைகள் எதிரில் உறையைப் பிரித்து, குப்புறவே கொடுத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டேன். தாள்கள் திரும்பும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முதல் வரிசைப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், கடைசிக் கேள்வியில சார் என்ன கேக்கறாருன்னு புரியலீங்க."

கேட்கிறார் என்றாள் சார், கேட்டார் என்று சொல்லவில்லை.

"எனக்குத் தெரியாது சாமி. நா இன்னும் பாக்கல. சார் உன்ட்டத்தான் கேக்கறாரு, நீயே இன்னொருக்கா படிச்சுப் பாரு."

அவள் உட்கார்ந்து படித்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

மணி அடித்த பிறகுதான் நானும் பார்த்தேன். நீங்கள் அன்று சொன்னது அந்தக் கடைசிக் கேள்விதான்; அது என்ன என்று உங்களுக்குத் தெரியும். மடிக்கணினி இங்கேயே இருக்கட்டும் என்று உங்கள் வீட்டம்மா சொல்லிவிட்டார். இன்று பள்ளி விட்டு எல்லோரும் போன பின்பு விடைத்தாள் கட்டைப் பிரித்து உங்கள் மேசையில் வைத்து, அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிள்ளைகள் எழுதியதை ஒன்று விடாமல் வாய்விட்டுப் படித்தேன். வேகமாகத்தான் படித்தேன் சார். நடுவில் எங்கும் நிறுத்தவில்லை.