டேங்கில் சேர்ந்த தண்ணீர்

அன்புள்ள அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டுக் கதவைத் திறந்தபோது உள்ளே மெஷின் கத்திக்கொண்டிருந்தது. டேங்க் நிறைந்தால் பீப் பீப் என்று ஊரைக் கூட்டுமே, அதே கத்தல். ஐப்பசி பிறந்து பத்து நாளாகிறது, முடிச்சூரில் வானம் இன்னும் வெளுக்கவில்லை. தெருமுனையில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். உங்கள் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து, "கலா ஆன்ட்டி, வாரத்துக்கு ரெண்டு நாள் அம்மா ரூம்ல மெஷினப் போட்டு விடுங்க, இல்லேன்னா மறுபடியும் பூஞ்சை புடிச்சிடும்" என்று சொல்லியிருக்கிறாள். மாடியில் நான்தானே இருக்கிறேன், கீழ் வீட்டுச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. டேங்கை இழுத்து எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கொட்டுவதற்கு முன்னால் என்னையறியாமல் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். நீங்கள் பார்ப்பது போலவே.

"இந்தத் தண்ணி எங்கேர்ந்துடி வருது?"

மெஷின் வந்த முதல் நாள் நீங்கள் கேட்டது இதுதான். காற்றிலிருந்து வருகிறது அக்கா, டீஹியூமிடிஃபையர் என்றால் அதுதான் வேலை என்றேன். உங்களுக்குப் போதவில்லை. "அது தெரியுது. எந்தக் காத்து? மழைக் காத்தா, செவுத்து ஈரமா, இல்ல நான் விடற மூச்சா?" என்றீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிற ஆட்களையெல்லாம் 'எங்கே?' என்று கேட்டே பழகிய வாய். ரிட்டையர் ஆன பிறகு மனிதர்கள் வரிசையில் வராததால் பொருள்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டீர்கள். குக்கர் ஏன் மூன்றாவது விசிலுக்குத் தாமதம் செய்கிறது, பல்லி ஏன் ட்யூப்லைட்டின் இடது பக்கமே உட்காருகிறது என்று தினம் ஒரு விசாரணை. எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். ஷிப்ட் முடிந்து வந்தவளிடம் பல்லியைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும்?

அந்த வருஷம் மழைக்கு முன்பே உங்களுக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. படுக்கை அறை மூலையில் கருப்புக் கருப்பாகப் பூஞ்சை. பீரோவைத் திறந்தால் நனைந்த சாக்கு வாசனை. டாக்டர் மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டு, அந்த அறை காயாவிட்டால் மருந்தால் மட்டும் ஆகாது என்று சொல்லிவிட்டார். மகள் வந்தாள், மெஷினை வாங்கி வைத்தாள், கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்: "பொங்கலுக்கு வருவேன். அதுக்குள்ள இந்த ரூம் காயல, உனக்கு இழுப்பு நிக்கலன்னா, வீட்டைப் பூட்டிட்டு என்கூடக் கிளம்பணும்." அவள் போன பிறகு நீங்கள் என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "அவ தங்கமாப் பாத்துப்பாடி. ஆனா அங்க நான் விருந்தாளி. இங்க நான் வீட்டுக்காரி."

அன்றிலிருந்து பொங்கல் நம் இருவருக்கும் பரீட்சை ஆகிவிட்டது. மெஷினோடு வந்த சின்ன மீட்டரில் அறையின் ஈரப்பதம் தெரியும். எண்பத்தாறு என்று காட்டியது. ஐம்பத்தைந்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. முதல் வாரம் நமக்கு ஒரே சந்தோஷம். காலையில் ஒரு டேங்க், சாயங்காலம் ஒரு டேங்க். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா என்று கேட்டீர்கள், கூடாது என்றேன். செடிக்கு ஊற்றி, வாளியில் பிடித்து வாசல் கழுவி, பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினீர்கள். கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் ராணி கூடையை இறக்கிவைத்துவிட்டு மெஷினைச் சுற்றி வந்தாள். "இன்னாக்கா இது, காத்தாண்டயே தண்ணி கறக்குது! வைக்கோலும் வாணாம், புண்ணாக்கும் வாணாம்" என்று சிரித்தாள்.

பத்தாம் நாள் நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். தேதி கிழிக்கும் காலண்டரின் பின்பக்கத்தில் மீட்டர் காட்டியதை எழுதி வைத்திருந்தீர்கள். எண்பத்தாறு, எண்பத்து நாலு, எண்பத்தைந்து. "இவ்ளோ தண்ணி வெளிய போகுது. நம்பர் ஏன்டி எறங்கல?" மெஷினில்தான் கோளாறு என்று நான் முடிவு கட்டினேன். சர்வீஸ் ஆளுக்குப் போன் போட்டு அவனைப் பேசவிடாமல் கத்தினேன். எனக்கு எப்போதுமே கோபம் முன்னால் ஓடும், புத்தி பின்னால் நொண்டிக்கொண்டு வரும்.

நம் தப்பைச் சொன்னது ராணி. அடுத்த தடவை வந்தபோது சாயங்காலம் ஆறு மணி. நீங்கள் மரத்தாலான சின்னச் சாமி மாடத்தில் விளக்கேற்றியிருந்தீர்கள். மாடம் அந்தப் படுக்கை அறையிலேயே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் லட்சுமி வரவேண்டும் என்று வாசல் கதவு, அறைக் கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. அந்த ஒரு மணி நேரம் மட்டுமா? அறை அடைசலாக இருக்கிறதே, காற்றோட்டம் வேண்டுமே என்று ஜன்னலும் நாள் முழுக்கத் திறந்துதான் கிடந்தது. போதாததற்கு, மழைக்குக் காயாத துணிகளைச் சீக்கிரம் காயட்டும் என்று மெஷினுக்கு எதிரிலேயே கொடி கட்டி உலர்த்தியிருந்தோம். ராணி வாசலில் நின்றபடி இதையெல்லாம் பார்த்தாள்.

"ஏங்க்கா, கருவாடு போட்டா ஈரக் காத்து அடிக்கிற அன்னிக்கு நாங்க தார்பாய் போட்டு மூடிடுவோம். நீங்க கதவத் தொறந்து வெச்சுகினு காய வெக்கிறீங்க? மொத்த ஊருமில்ல உள்ள வந்துகினு கீது!"

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மறைமலை நகரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், பாகங்களை அளந்து பார்க்கிற அறைக்கு இரண்டு கதவு. ஒன்றைச் சாத்திய பிறகுதான் இன்னொன்றைத் திறக்கவேண்டும், இல்லாவிட்டால் ஈரக்காற்று புகுந்து பாகங்கள் துருப்பிடிக்கும். கதவைச் சாத்து, கதவைச் சாத்து என்று அங்கே எல்லோரையும் விரட்டுகிறவளே நான்தான். அதைச் சொன்னதும் நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்வரை சிரித்தீர்கள். "பத்து நாளா முடிச்சூரையே காய வெச்சிருக்கோம்டி. பஞ்சாயத்துல நமக்கு ஒரு சால்வை போடணும்."

பிறகு ஒழுங்காக வேலையில் இறங்கினோம். ஒரே ஒரு அறை என்று முடிவு செய்தோம். ஜன்னலைச் சாத்தி, கதவுக்கடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தோம். துணிக் கொடி ஹாலுக்குப் போனது. சுவரோடு ஒட்டி நின்ற மெஷினை இரண்டு சாண் முன்னால் இழுத்து, ஃபேனை ஒன்றில் வைத்தோம். பின்பக்கத்து வலையைக் கழற்றினால் பஞ்சு மிட்டாய் போலத் தூசி. பீரோக் கதவுகளைத் திறந்து வைத்து, அதையும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினோம். விளக்கு விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. நீங்களே இரண்டு நாள் யோசித்துவிட்டு மாடத்தைத் தூக்கி ஹாலில் வைத்தீர்கள். "வர்ற லட்சுமி ஹால்ல உக்காரட்டும். பெட்ரூம் வரைக்கும் எதுக்கு?"

நான்கே நாளில் அறுபத்திரண்டு. டேங்கில் தண்ணீர் குறைந்தது, நம்பரும் இறங்கியது. தண்ணீர் குறைவாக வருவதுதான் நல்ல சேதி என்பது நமக்கே புதிதாக இருந்தது. உங்கள் இருமலும் தணிந்தது. ஆனால் அதற்குக் கீழே இறங்கவில்லை. கட்டிலுக்கு மேலே, கூரையும் சுவரும் சேருகிற மூலையில் ஈரத்திட்டு அப்படியே இருந்தது. நீங்கள் ஸ்டூலில் ஏறி பென்சிலால் அதைச் சுற்றிக் கோடு போட்டீர்கள்.

கார்த்திகைக் கடைசியில் நானும் அவரும் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போய்விட்டு மூன்று நாள் கழித்து வந்தோம். நீங்கள் எங்களுக்காகவே காத்திருந்த மாதிரி வாசலில் நின்றீர்கள்.

"நீங்க இல்லாத மூணு நாளும் கொட்டோ கொட்டுன்னு மழை. ஆனா டேங்க் பாதிதான் ரொம்புச்சு. திட்டும் கோட்டுக்குள்ள சுருங்கிடுச்சு. கலா, மூலையில எறங்கறது மழைத் தண்ணி இல்லடி. உங்க பாத்ரூம் தண்ணி."

உங்கள் குரலில் குற்றச்சாட்டே இல்லை அக்கா. புதிர் விடுபட்ட மகிழ்ச்சிதான் இருந்தது. அப்படியிருந்தும் நான் சீறினேன். "என்னக்கா பேசறீங்க? எங்க பாத்ரூம்லேர்ந்து ஒரு சொட்டு எறங்காது. வெள்ளத்துல கழுத்தளவு முங்கின வீடு இது, அது விடற ஈரத்துக்கு நான் என்ன பண்ணுவேன்?" பெருவெள்ளத்தில், காலமான உங்கள் கணவரின் பொருள்கள் எல்லாம் போன கதை எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வெள்ளத்தை இழுத்தேன். நீங்கள், "இருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

ஒன்பது நாள் நாம் பேசவில்லை. மார்கழிக் குளிரில் உங்கள் இழுப்பு திரும்பி வந்தது. கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க நான் விடியற்காலையில் குளிப்பேன். பத்தாம் நாள் குளித்து முடித்துக் குழாயை மூடினேன். தண்ணீர் வடிகிற சத்தம் அடங்கியதும் கீழேயிருந்து உங்கள் இருமல் கேட்டது. நிற்காமல் கேட்டது. ஈரத்தலையோடு அப்படியே நின்றேன். என்னால் அன்று பஸ்ஸுக்குப் போக முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு பிளம்பருக்குப் போன் செய்தேன்.

தரையை உடைக்கிற சத்தம் கேட்டு நீங்கள் படியேறி வந்தீர்கள். ஒன்பது நாள் பேசாதவர் என்ற நினைப்பே இல்லாமல் பிளம்பரை வழக்கம்போல் குடைந்தீர்கள். இது எந்தக் குழாய், இது ஏன் வளைகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும். அவர் டைல்ஸைப் பெயர்த்ததும் விரல் நுழைகிற விரிசல் ஒன்று தெரிந்தது. அதன்மேல் தடிமனாக வெள்ளை சிமென்ட் பூசியிருந்தது. "இத யாரு வெச்சது? மேல பூசி வெச்சா உள்ள ஓடாதா?" என்று பிளம்பர் கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் குனிந்து உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். பிறகு நீங்கள் சொன்னது இதுதான்: "வேலை முடியறவரைக்கும் கீழ வந்து குளிங்க ரெண்டு பேரும். எங்க பாத்ரூம் ஒழுகினா பூமாதேவிக்குத்தான்."

பொங்கலுக்கு வந்த மகள் முதல் வேலையாக மீட்டரைத்தான் பார்த்தாள். ஐம்பத்து நாலு. மூலையைத் தடவிப் பார்த்தாள், பீரோவுக்குள் தலையை விட்டு முகர்ந்தாள், ராத்திரி உங்கள் பக்கத்திலேயே படுத்து மூச்சைக் கவனித்தாள். மறுநாள் தனியாகத்தான் கிளம்பினாள். நீங்கள் வாசலில் நின்று கையாட்டிவிட்டு உள்ளே திரும்பிய நடையை நான் மாடியிலிருந்து பார்த்தேன். வீட்டுக்காரி நடை.

அதற்குப் பிறகு ஒரு முழு வருஷம், இன்னொரு மழைக்காலம் தாண்டியும் இங்கேயே இருந்தீர்கள். பங்குனியில் ஒரு மத்தியானம், இழுப்பு இல்லை, ஈரம் இல்லை, சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார் டாக்டர். உங்கள் கட்டிலில், உங்கள் அறையில். அழுது தீர்த்த பிறகு எனக்கு அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

இப்போது கம்பெனியில் ஏதாவது பாகம் துருப்பிடித்து வந்தால் நான் உடனே யாரையும் திட்டுவதில்லை. எங்கேயிருந்து வருகிறது என்று கேட்கிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் ஆச்சரியமாகப் பார்க்கிறார்கள். கோபம் இன்னும் முன்னால்தான் ஓடுகிறது, ஆனால் புத்தி முன்னைப்போல் அவ்வளவு நொண்டுவதில்லை. அது நீங்கள் கொடுத்தது.

ஆனால் அக்கா, குக்கரையும் பல்லியையும் விடாமல் கேட்ட நீங்கள், அன்றைக்கு பாத்ரூம் வாசலில் நின்று பிளம்பரை அத்தனை கேள்வி கேட்ட நீங்கள், என்னை மட்டும் அதற்கப்புறம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்திருப்போம்! ஒவ்வொரு தடவையும் இன்றைக்குக் கேட்பீர்கள் என்று நினைப்பேன். கேட்டால் சொல்லிவிடலாம் என்றும் நினைப்பேன். நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த வெள்ளை சிமென்ட்டை வைத்தது நான்தான். மெஷின் வருவதற்கும் முன்னால், ஆடி மாதத்தில். உடைக்காவிட்டால் கீழே இறங்கும் என்று ஒருவர் அப்போதே சொன்னார். ஒரு வாரம் குளிக்க இடமில்லாமல் திண்டாட வேண்டுமே என்று பூசி மூடினேன். கீழே உங்கள் கட்டில் எந்த மூலையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மாடி வீட்டு,
கலா